மின் வாகன மானியம்: பணம் எங்கே சிக்குகிறது? (கேள்வி பதில்)

நகராட்சி, பள்ளி நிர்வாகம், போக்குவரத்துக் கழகம் போன்ற பொது அமைப்புகளின் வாகனப் பிரிவுகளில் இருப்பவர்கள் கேட்டவை.

கேள்வி: பன்னிரண்டு மின்சாரக் கார்களுக்குக் கொள்முதல் ஆணை கொடுத்துவிட்டோம் சார். இனிமேல் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

உங்கள் திட்டம் எந்த வகை என்று முதலில் பாருங்கள். வாங்கிப் பதிவு செய்த பிறகு பில்லைக் காட்டிப் பணம் கேட்பது ஒரு வகை. அதில் ஆணை முன்னாலேயே போயிருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை, பதிவு நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும் என்பதே முக்கியம். விலையிலேயே கழித்துக்கொள்ளும் வவுச்சர் இரண்டாவது வகை. கலிபோர்னியாவின் கனரக வாகனத் திட்டமான எச்.வி.ஐ.பி. இப்படித்தான் நடக்கிறது: விண்ணப்பிப்பது விற்பனையாளர், நீங்கள் கழிவு போக மீதியைக் கட்டுகிறீர்கள். மூன்றாவது, முன் ஒப்புதல் வாங்கிய பிறகே ஆணை கொடுக்க வேண்டிய மானியம்.

மூன்றாவது வகையில் ஆணையின் தேதி ஒப்புதலுக்கு முந்தியிருந்தால் கதை அத்தோடு முடிந்தது. ஆணையை ரத்து செய்து மறுபடி கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். தணிக்கையில் பழைய ஆணை எண் வெளியே வந்தால் கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்பார்கள். அந்த வழி வேண்டாம்.

கேள்வி: எல்லாத் தாள்களும் கொடுத்தும் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. பொதுவாக எதனால் திரும்பும்?

பெரிய காரணம் அபூர்வம். சேசிஸ் எண்ணில் பில்லுக்கும் பதிவுச் சான்றுக்கும் ஒரு எழுத்து மாறியிருக்கும். விண்ணப்பித்தது பொதுப்பணிப் பிரிவு, வண்டி பதிவானது நகராட்சியின் பெயரில் என்று இருக்கும். ஷோரூமில் ஓட்டிக் காட்டிய வண்டியைச் சலுகை விலையில் எடுத்திருப்பார்கள், அது 'புதிய வாகனம்' ஆகாது. குத்தகைக் காலம் திட்டம் கேட்கும் குறைந்தபட்ச மாதங்களுக்கு இரண்டு மாதம் குறைவாக இருக்கும். வண்டி டெலிவரி ஆகும் நாளிலேயே சேசிஸ் தகடு, ஓடோமீட்டர், எண் பலகை மூன்றையும் படம் எடுத்து வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஓடோமீட்டர் படம் கேட்டால் யாராலும் கொடுக்க முடியாது.

கேள்வி: டெண்டரில் மானியத்தைக் கழித்த விலையைக் கேட்கலாமா, கழிக்காத விலையையா?

இரண்டையும் தனித்தனி வரிசையில் கேளுங்கள். கழித்த விலையை மட்டும் கேட்டால், மானியம் கிடைக்காதபோது வித்தியாசம் யார் தலையில் என்று சண்டை வரும். கழிக்காத விலையை மட்டும் கேட்டால் வவுச்சர் தொகை விற்பனையாளரிடமே தங்கிவிட இடமுண்டு. மானியம் மறுக்கப்பட்டால் அபராதமில்லாமல் ஆணையை ரத்து செய்யலாம் என்ற ஒரு வரியையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

கேள்வி: அமெரிக்கப் பள்ளிப் பேருந்துத் திட்டத்தில் பழைய வண்டியை 'அழிக்க வேண்டும்' என்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் போட்டால் போதாதா?

போதாது. இரும்புக் கடைக்குப் போன டீசல் இன்ஜின் வேறொரு வண்டியில் ஏறி மறுபடி புகை விடும் என்பதால்தான் இந்த நிபந்தனையே. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் அளவு தெளிவானது: இன்ஜின் பிளாக்கில், சிலிண்டர்கள் இருக்கும் பகுதியில், மூன்று அங்குலத்துக்கு மூன்று அங்குலம் ஓட்டை போட வேண்டும். சேசிஸின் இரண்டு பக்கச் சட்டங்களையும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே அறுக்க வேண்டும். இன்ஜினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தட்டில் ஓட்டை போட்டுப் படம் அனுப்புபவர்கள் உண்டு, அது செல்லாது. அறுக்கும் முன் ஒரு படம், பின் ஒரு படம், சேசிஸ் எண் தெரிகிற மாதிரி ஒன்று, இன்ஜின் எண்ணோடு ஒன்று எடுத்து வையுங்கள். புதிய பேருந்து ஓடத் தொடங்கும்வரை பழையதை அறுக்காதீர்கள். டெலிவரி தள்ளிப்போனால் பிள்ளைகளை ஏற்ற வண்டி இருக்காது.

கேள்வி: நகராட்சி வரியே கட்டுவதில்லை. வணிக மின் வாகனங்களுக்கான அமெரிக்காவின் 45டபிள்யூ வரிச் சலுகை எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?

2022 சட்டம் அதற்கு ஒரு வழி வைத்தது. வரி கட்டாத பொது அமைப்பும் சலுகைத் தொகையை ரொக்கமாகக் கேட்டு வாங்கலாம். மொத்த எடைத் தரம் (சுமையோடு சேர்த்து வண்டிக்கு அனுமதித்த எடை) 14,000 பவுண்டுக்குக் கீழே உள்ள வண்டிக்கு 7,500 டாலர், அதற்கு மேல் 40,000 டாலர் உச்சவரம்பு. முழு மின் வண்டிக்கு விலையில் 30 சதவீதம், அதே மாதிரி பெட்ரோல் அல்லது டீசல் வண்டியைவிடக் கூடுதலாகும் விலை, இரண்டில் எது குறைவோ அது.

ஆனால் 2025 ஜூலையில் வந்த சட்டம் இதை நிறுத்திவிட்டது. 2025 செப்டம்பர் 30-க்குள் கட்டுப்படுத்தும் எழுத்து ஒப்பந்தம் போட்டு, ஒரு தொகையாவது கட்டியிருந்தால்தான் உரிமை. அப்படிச் செய்திருந்தால் வண்டி பிறகு கைக்கு வந்தாலும் கேட்கலாம். வெறும் ஒப்பந்தம் போட்டு முன்பணம் கட்டாதவர்களுக்குக் கிடைக்காது. டெலிவரிக்குப் பிறகே பணம் என்பது பல அரசு அலுவலகங்களின் விதி, அந்த விதியே இங்கே காலை வாரிவிடுகிறது.

தகுதி உள்ளவர்கள் வண்டி ஓட்டத்துக்கு வந்ததும் அமெரிக்க வருமான வரித் துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்து, ஒவ்வொரு வண்டிக்கும் தனிப் பதிவு எண் வாங்க வேண்டும். பிறகு படிவம் 990-டி, அதோடு 3800, 8936 படிவங்களையும் தாக்கல் செய்ய வேண்டும். கணக்காண்டு முடிந்த ஐந்தாவது மாதம் 15-ஆம் தேதி கெடு. ஜூன் 30-இல் கணக்கை முடிப்பவர்களுக்கு அது நவம்பர் 15. முன்பதிவைக் கெடுவுக்கு 120 நாள் முன்பே செய்யச் சொல்கிறது துறை, கேட்டு நடங்கள்.

கேள்வி: அந்தச் சலுகையோடு வேறு மானியமும் வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டும் சேர்ந்து வண்டி விலையைத் தாண்டக் கூடாது. 4,00,000 டாலர் பேருந்துக்கு 3,00,000 மானியம் வந்திருந்தால் 40,000 சலுகையும் முழுசாக உண்டு. மானியமே 4,00,000 என்றால் சலுகை பூஜ்யம். மற்ற திட்டங்களில் 'ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் பில்' என்ற தடை தனியாக இருக்கும். வண்டிக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று என்று பிரித்துக் கேட்பது பாதுகாப்பு.

கேள்வி: இந்தியாவில் பேருந்து மானியம் போக்குவரத்துக் கழகத்தின் கணக்குக்கு ஏன் வருவதில்லை?

வாடகை முறையில் பேருந்து ஆபரேட்டருடையது, கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. 2019-இல் தொடங்கி 2024-இல் முடிந்த, மத்திய அரசின் மின் வாகன மானியத் திட்டமான ஃபேமின் இரண்டாம் கட்டத்தில், பேருந்துக்கு அதன் பேட்டரித் திறனில் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் 20,000 ரூபாய் என்று கணக்கு இருந்தது. அதன் பலன் கழகத்துக்குக் குறைந்த கிலோமீட்டர் கட்டணமாகத்தான் வந்து சேர வேண்டும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தில் உள்ள உத்தரவாத கிலோமீட்டர். வழித்தடம் அவ்வளவு ஓடாவிட்டாலும் அதற்குக் காசு கொடுத்தாக வேண்டும்.

கேள்வி: மானியம் வந்தாயிற்று, வண்டியும் வந்தாயிற்று, சார்ஜருக்கு மின் இணைப்பு வரவில்லை. கூடுதல் டிரான்ஸ்பார்மர் வேண்டுமாம். 20 கார்கள், ஒவ்வொன்றுக்கும் 7.4 கிலோவாட் சார்ஜர்.

இருபதையும் பெருக்கி 148 கிலோவாட் என்று விண்ணப்பித்திருப்பீர்கள். உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. ஒரு கார் நாளுக்கு 80 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 0.18 யூனிட் வீதம் 14.4 யூனிட், சார்ஜிங் இழப்பையும் சேர்த்தால் சுமார் 16.5. இருபது காருக்கு 330 யூனிட். இரவு பத்து மணி நேரம் கிடைத்தால் சராசரி 33 கிலோவாட்தான். மொத்தச் சுமையை 50 கிலோவாட்டுக்கு மேல் போகவிடாமல் சார்ஜர்களுக்குள் பங்கிடும் சுமை மேலாண்மை வைத்தால், இருக்கும் இணைப்பிலேயே முடிய வாய்ப்புண்டு. உச்சச் சுமையை வைத்து மாதாமாதம் கட்டும் டிமாண்ட் கட்டணமும் குறையும். தாமதமாகத் திரும்பும் வண்டிகளுக்காக இரண்டு சார்ஜர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

அந்தச் சுமைக் கணக்கை எழுத்தில் போட்டு மின்வாரியத்துக்குப் புது விண்ணப்பம் கொடுங்கள். மானியத்தில் சார்ஜர் வேலைக்கும் கெடு இருந்தால், அது முடியும் முன்பே நீட்டிப்புக் கடிதம் போக வேண்டும். மின்வாரியத்தின் மதிப்பீட்டுக் கடிதத்தையும் அதோடு இணையுங்கள்.