பூசை நேரத்தில் அப்பாவின் குரல்: பழைய நோக்கியாவில் பதில் செய்தி வைக்க முடியுமா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அப்பா எங்கள் ஊர்க் கோயிலில் பூசை செய்கிறார். ரொம்ப வருடமாக நோக்கியா 6600 தான் வைத்திருக்கிறார், மாற்றமாட்டேன் என்கிறார். பூசை நேரத்தில் போன் எடுக்க முடியாது. 'பூசையில இருக்கேன், பதினோரு மணிக்கு மேல கூப்பிடுங்க' என்று அவர் குரலிலேயே ரெக்கார்டரில் பதிந்து ரிங்டோனாக வைத்தேன். அது கோயிலில்தான் சத்தமாகக் கேட்கிறது. கூப்பிடுகிறவர்களுக்கு வெறும் மணிதான் கேட்கிறதாம். என்ன வழி?"

இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. ரிங்டோன் செட்டுக்குள் இருப்பது, உங்கள் பக்கம் மட்டும் ஒலிக்கும். கூப்பிடுகிறவர் காதில் விழும் மணியோ காலர் டியூனோ செட்டிலிருந்து போவதில்லை. கம்பெனியின் எக்ஸ்சேஞ்சிலிருந்து போகிறது. போனை எடுத்த பிறகுதான் உங்கள் பக்கத்துச் சத்தம் அவருக்குப் போகும். ஆகவே ரெக்கார்டரில் இருக்கும் அந்தப் பதிவு அவரை எட்ட வழியே இல்லை.

2003-ல் வந்த 6600-ல் பதில் சொல்லும் மெஷின் செட்டோடு வரவில்லை. ஜப்பானில் விற்ற பல போன்களில் அது செட்டுக்குள்ளேயே இருந்தது: தானே எடுத்து, பதிந்த குரலைப் போட்டு, எதிராளி சொல்வதையும் சேமித்துக்கொள்ளும். நம் ஊரில் சிம்பியன் (6600-ஐ இயக்கும் சிஸ்டம்) போன் வைத்திருந்தவர்கள் அதற்கென்று தனி சாஃப்ட்வேர் தேடி ஏற்றினார்கள். இப்போது அதைத் தேடி அலைய வேண்டாம். எங்கிருந்தோ கிடைக்கும் பழைய சிஸ் பைலில் (இந்த போன்களில் சாஃப்ட்வேர் ஏற்றும் பைல்) என்ன இருக்கிறதென்று பார்க்க ஆளில்லை. 2004-லேயே கேபிர் என்ற வைரஸ் இந்த வகை போன்களில் புளூடூத் வழியாகப் பரவியது. வந்த பைலுக்கு 'யெஸ்' கொடுத்தால் உள்ளே ஏறிவிடும்.

ஹெட்செட் செட்டிங்கில் 'ஆட்டோமேட்டிக் ஆன்சர்' என்று ஒன்று இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஹெட்செட் செருகியிருந்தால் ஐந்து நொடியில் அழைப்பைத் தானாக எடுக்கும், அவ்வளவுதான். அப்பாவின் செய்தி போகாது. தீபாராதனை மணியும் மந்திரமும்தான் போகும். எடுத்த நொடியிலிருந்து கூப்பிட்டவருக்குக் காசும் ஓட ஆரம்பித்துவிடும்.

இந்தக் காசு விஷயத்தை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன். மிஸ்டு கால் கொடுத்துப் பழகிய ஊர் நம்முடையது. எந்த மெஷின் எடுத்தாலும் 'எடுத்ததாகவே' கணக்கு. நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு கட்டிப் பேசும் ஒரு பாட்டி அர்ச்சனைக்கு நேரம் கேட்கக் கூப்பிட்டால், மெஷினுக்கும் சேர்த்து அவர் கட்ட வேண்டும். காலர் டியூன் அப்படியல்ல, எடுப்பதற்கு முன்பே ஒலிப்பதால் அவருக்குச் செலவில்லை. செட் எவ்வளவு பழையதானாலும் அது வேலை செய்யும். ஆகவே சொந்தக் குரலைக் காலர் டியூனாக வைக்க முடியுமா என்று உங்கள் கம்பெனியின் கஸ்டமர் கேரில் முதலில் கேளுங்கள். முடியுமென்றால் அதுவே நல்ல வழி. நாள் முழுக்க அதேதான் ஒலிக்கும் என்பதால் "காலையில் பூசையில் இருப்பேன், பதினோரு மணிக்கு மேல் எடுப்பேன்" என்கிற மாதிரி பதியுங்கள்.

அப்புறம் வாய்ஸ் மெயில். குரல் கம்பெனியின் பெட்டியில் இருக்கும்; அழைப்பை அங்கே திருப்பிவிட வேண்டும். நோக்கியாவில் 1-ஐ அழுத்திப் பிடித்தால் அந்தப் பெட்டிக்குத்தான் போகும். உங்கள் சிம்மில் அந்தச் சேவை இருக்கிறதா, திருப்பும் அழைப்புக்கு அப்பாவின் கணக்கில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது வேறு. வீட்டில் அம்மாவோ நீங்களோ இருக்கிறீர்கள் அல்லவா? அப்பா எடுக்காத அழைப்பை வீட்டு நம்பருக்குத் திருப்புங்கள். **61* போட்டு, +91 சேர்த்து வீட்டு நம்பர், பிறகு *11*20# அடித்துக் கால் பட்டனை அழுத்துங்கள். 20 என்பது நொடி. 5 முதல் 30 வரை ஐந்தைந்தாக வைக்கலாம். கூப்பிடுகிறவருக்கு ஆறேழு மணி கேட்கும், பிறகு வீட்டில் ஒலிக்கும். அப்பா போனை அணைத்துவிட்டுப் போகிறவர் என்றால் 61-க்குப் பதில் 62. சிவப்புப் பட்டனால் கட் செய்கிறவர் என்றால் 67. இந்த இரண்டிலும் நொடி தேவையில்லை; நம்பருக்குப் பிறகு # போட்டால் போதும். வைத்த திருப்பல்கள் எல்லாவற்றையும் நீக்க ##002#. மிஸ்டு கால் அலர்ட் வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடலாம், பார்த்துச் செய்யுங்கள்.

கோடு ஏற்கவில்லை என்றால் செட்டைக் குறை சொல்லாதீர்கள். மோசடி பெருகியதால், யூஎஸ்எஸ்டி கோடு (*, # சேர்த்து போனில் அடிக்கும் எண்) வழியாக அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அப்படியானால் வேறு எப்படிப் பதிவது என்று கஸ்டமர் கேரில் கேளுங்கள். அப்பாவிடம் ஒன்றை அழுத்திச் சொல்லிவையுங்கள்: யாராவது கூப்பிட்டு "சார், *401* போட்டு இந்த நம்பரை அடிங்க" என்றால் அடிக்கவே கூடாது. அடித்தால் அவருக்கு வரும் அழைப்பெல்லாம் அவர்களுக்குப் போகும். பேங்கிலிருந்து குரலில் வரும் ஓடிபியும் அதில் ஒன்று.

கோயிலில் சத்தம் வராமலிருக்க, 6600-ன் தலையில் உள்ள பவர் பட்டனை லேசாகத் தட்டினால் புரொஃபைல் பட்டியல் வரும். 'சைலன்ட்' வைத்துவிட்டு மடியில் செருகிக்கொள்ளலாம். பிஎல்-5சி பேட்டரி இன்னும் கடைகளில் கிடைக்கிறது. உப்பியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். 2ஜி உள்ள சிம்தான் இதில் வேலை செய்யும், ஜியோ சிம் எடுக்காது.

எந்த வழியில் வைத்தாலும் வேறொரு போனிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுப் பாருங்கள்: அப்பா எடுக்காதபோது ஒன்று, கட் செய்தபோது ஒன்று, போன் அணைந்திருக்கும்போது ஒன்று.