அமெரிக்கக் கிராமத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே ஒரே ஒரு அரசு ஹை ஸ்கூல்தான், ரேட்டிங் பத்துக்கு நான்கு. பிள்ளையைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் ரேட்டிங்கை ஓரமாக வைத்துவிட்டு, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு என்னென்ன பாடங்கள் நடக்கின்றன என்ற பட்டியலை முதலில் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவப் பயிற்சிக்கான ஜே-1 விசாவில் வந்தவர்கள் இரண்டு வருடம் சொந்த நாடு திரும்ப வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு வாங்க, மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று வருடம் வேலை பார்க்க வரும் நம் ஆட்கள் பலருக்கும் வரும் கேள்விதான் இது. நாங்களும் அப்படித்தான் நெப்ராஸ்காவின் மேற்குப் பக்கம் வந்து சேர்ந்தோம். வேலை என் கணவருக்கு. பள்ளியோடு மல்லுக்கட்டுவது எனக்கு. மகள் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இங்கேதான் படித்தாள்.

அந்த நான்கு என்ற எண் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மாநிலத் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து. 2015-ல் வந்த மத்தியச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் வருடாவருடம் பள்ளிகளின் ரிப்போர்ட் கார்டை வெளியிட வேண்டும். ரேட்டிங் தளங்கள் அந்தத் தரவையே எடுத்து எண்ணாக்குகின்றன. பெரிய பள்ளிக்கு இது ஓரளவு பொருந்தும். ஒரு வகுப்பில் இருபதே பேர் இருந்தால் ஒரு பிள்ளை என்பது 5 சதவீதம். இரண்டு பேர் தேர்வை ஒழுங்காக எழுதாவிட்டால் பள்ளியே "சரிந்துவிட்டது". அடுத்த வருடம் கெட்டிக்காரர்கள் மூன்று பேர் வந்தால் "முன்னேறிவிட்டது". ஆசிரியர்களும் பாடமும் அப்படியேதான் இருக்கும். தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2002-லேயே இதைக் காட்டியிருக்கிறார்கள்: தரவரிசையின் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே அதிகம் வந்து நிற்கும், காரணம் எண்ணிக்கை குறைவு. அதனால் ஒரு வருடத்தைப் பார்க்காதீர்கள், நான்கைந்து வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள். ரிப்போர்ட் கார்டில் சில கட்டங்கள் காலியாக இருக்கும். மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். மிகச் சில பிள்ளைகளே இருக்கும் பிரிவின் மதிப்பெண்ணைப் போட்டால் யாருடையது என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால் அதை வெளியிடுவதில்லை.

தேர்ச்சி விகிதத்திலும் இதே கதை. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கு வருடத்தில் டிப்ளமா, அதாவது பள்ளி முடித்த சான்றிதழ், வாங்கினார்கள் என்பதுதான் கணக்கு. இடையில் வேறு ஊருக்குப் போன பிள்ளையைக் கழிக்க வேண்டுமென்றால் போனதற்கு எழுத்து ஆதாரம் வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் குடும்பம் கிளம்பிப்போனால் அந்தப் பிள்ளை படிப்பை விட்ட கணக்கில் விழும். கல்லூரிச் சேர்க்கைக்கான ஏசிடி தேர்வின் சராசரியை ஒப்பிடும்போதும் கவனம் தேவை. நெப்ராஸ்காவில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அதை எழுதுகிறார்கள். காலேஜ் போக நினைப்பவர்கள் மட்டும் எழுதும் மாநிலத்தோடு அதை வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

சரி, உண்மையான குறை எங்கே? பாடங்களின் எண்ணிக்கையில். நம் பிள்ளைகளில் பலர் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜிப்ரா 1 முடித்துவிட்டு வருவார்கள். அப்படியானால் பதினொன்றில் ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ். அந்த வகுப்புக்கு ஊரில் மூன்று பேர்தான் இருந்தால் பள்ளி அதை நடத்துமா? இயற்பியலும் சில பள்ளிகளில் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான். வேதியியல், உயிரியல், இயற்பியல் மூன்றையும் ஒரே ஆசிரியர் எடுப்பார். சாயங்காலம் கூடைப்பந்துக் கோச்சும் அவரே. அவர் வேலையை விட்டால் அறிவியல் துறையே காலி. எங்களுக்கு அது நடந்தது. வருடத்தின் நடுவில் ஆசிரியர் கிளம்பிவிட, மிச்ச இயற்பியலைப் பிள்ளைகள் ஆன்லைன் பாடத்தில் பார்த்தார்கள், பக்கத்தில் மேற்பார்வைக்கு மட்டும் ஒருவர். எனக்கு இன்னமும் அதில் கோபம் உண்டு.

இதற்கு ஓரளவு மாற்று, கம்யூனிட்டி காலேஜோடு (இரண்டு வருடப் படிப்புக்கான உள்ளூர்க் கல்லூரி) சேர்ந்து நடக்கும் டூயல் கிரெடிட் வகுப்புகள். பிள்ளை ஹை ஸ்கூலில் இருந்தபடியே காலேஜ் கிரெடிட் சேர்க்கலாம். ஏ.பி. என்ற, ஹை ஸ்கூலிலேயே நடக்கும் காலேஜ் தரப் பாடங்கள் இல்லையே என்று பதற வேண்டாம். விண்ணப்பங்களைப் பார்க்கும் கல்லூரிகள், அந்தப் பள்ளியில் கிடைத்ததில் கடினமானதைப் பிள்ளை எடுத்திருக்கிறதா என்றுதான் பார்க்கின்றன. ஆனால் டூயல் கிரெடிட்டுக்குக் கட்டணம் யார் கட்டுவது, அந்த கிரெடிட்டை எந்தக் கல்லூரிகள் ஏற்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாடத் தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலர் ஒருவர்தான் இருப்பார், அவருக்கும் நூறு வேலை. நீங்கள்தான் துரத்த வேண்டும்.

நல்ல பக்கமும் இருக்கிறது, அதை எந்த ரேட்டிங்கும் காட்டாது. ஆள் குறைவு என்பதால் எல்லோரும் எல்லாவற்றிலும் வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பாலைக்கூட எட்டுப் பேர், ஆறு பேர் அணியாக ஆடுகிறார்கள். வாலிபால் ஆடும் பெண்தான் பேண்டில் வாசிப்பாள், நாடகத்திலும் நடிப்பாள். பெரிய ஊர்ப் பள்ளியில் அணித் தேர்விலேயே கழன்றிருப்பாள் என் மகள். இங்கே கேப்டனாக இருந்தாள். விவசாய வகுப்பில் வெல்டிங் கற்றுக்கொண்டு வந்தாள். அவள் பாட்டி ஃபோனில் தலையில் அடித்துக்கொண்டது தனிக்கதை.

பணம் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பள்ளிச் செலவில் பெரும்பகுதி சொத்து வரியிலிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதியை நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் கட்டுகிறார்கள். புதுக் கட்டடத்துக்குக் கடன் பத்திரம் என்றால் ஊரே ஓட்டுப் போட வேண்டும், பல சமயம் தோற்றுவிடும். கட்டடம் பழசாக இருப்பதை வைத்துப் படிப்பை எடை போடாதீர்கள்.

அப்புறம், யாரும் சொல்லித்தராத ஒரு வழி: பள்ளி மாவட்ட போர்டு கூட்டங்களின் குறிப்புகள் பொது ஆவணம், பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும். ஆசிரியர்களின் ராஜினாமாவை போர்டு ஏற்பது அதில் பதிவாகும். கடந்த சில வருடங்களின் மார்ச் முதல் மே வரையான குறிப்புகளைப் படியுங்கள். கணக்கு, அறிவியல் இடங்கள் வருடாவருடம் காலியாகின்றன என்றால், பிள்ளை ஆறிலோ ஏழிலோ இருந்தால்கூட யோசியுங்கள். பதினொன்றில் சேரப்போகிறது என்றால் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கவுன்சிலருக்கு மெயில் அனுப்பி, அடுத்த இரண்டு வருட டைம்டேபிளைக் கேளுங்கள்.