ஊற்றும் முன் பாருங்கள்: கார் ஆயில், கூலன்ட் கேள்வி-பதில்

கே: காலையில் வண்டியை எடுக்கும் முன் டிப்ஸ்டிக்கைப் (ஆயில் அளக்கும் கம்பி) பார்த்தால் ஆயில் மேல் கோட்டில் நிற்கிறது. ஓட்டிவிட்டு வந்த உடனே பார்த்தால் பாதிக்கும் கீழே. எதை நம்புவது?

ப: ஓடி நின்ற உடனே ஆயிலில் ஒரு பகுதி சிலிண்டர் ஹெட்டிலும் ஆயில் போகும் வழிகளிலும் தங்கியிருக்கும். அது என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு வடிய நேரம் பிடிக்கும் என்பதால், உடனே பார்த்த அளவு கணக்கில் சேராது. சமதளத்தில் நிறுத்தி, சூடான என்ஜினை அணைத்து, 5 முதல் 10 நிமிடம் கழித்துப் பாருங்கள். டிப்ஸ்டிக்கை உருவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, அடிவரை செருகி மறுபடி உருவும்போது தெரிவதுதான் சரியான அளவு. சில கம்பெனிகள் என்ஜின் ஆறிய பிறகு பார்க்கச் சொல்கின்றன. கையேட்டில் எந்த முறை இருக்கிறதோ அதையே ஒவ்வொரு தடவையும் பின்பற்றினால்தான் போன மாத அளவோடு இந்த மாத அளவை ஒப்பிட முடியும்.

இரண்டு கோடுகளுக்கு இடையே பல கார்களில் ஏறக்குறைய 1 லிட்டர் பிடிக்கும். அதனால் ஒரேயடியாகக் கவிழ்க்காமல் 200 மில்லி ஊற்றி, சில நிமிடம் விட்டு, மறுபடி அளந்து பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது.

ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். புகை வடிகட்டி உள்ள டீசல் கார்கள் குறுகிய தூரமே ஓடும்போது எரியாத டீசல் ஆயிலில் கலப்பதுண்டு. முகர்ந்தாலே டீசல் வாடை தெரியும். அந்த ஆயிலை மாற்றத்தான் வேண்டும். நிறம் கறுத்துவிட்டதே என்று மட்டும் பயப்பட வேண்டாம், டீசல் என்ஜினில் புது ஆயில்கூட சீக்கிரம் கறுத்துப்போகும். டிப்ஸ்டிக்கில் வெளிறிய கொழகொழப்பு ஒட்டியிருந்தால் ஆயிலில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த நிலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கே: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூலன்ட் டப்பாவில் அளவு கீழ்க் கோட்டுக்கு வந்துவிடுகிறது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறேன். போதுமா?

ப: போதாது. கூலன்ட் ஒரு மூடிய சுற்றுக்குள் ஓடுகிறது. பெட்ரோல்போல அது செலவாகிற பொருள் அல்ல, எனவே குறைந்த அளவு எங்கோ வெளியே போயிருக்கிறது. தரையில் சொட்டு இல்லாததற்கும் காரணம் உண்டு: சூடான என்ஜின் மேல் கசிவது தரைக்கு வரும் முன்பே ஆவியாகிவிடும். ஆறிய பிறகு டார்ச் அடித்து ஹோஸ் கிளாம்ப்புகள், ரேடியேட்டர் ஓரங்கள், வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளை ஆகிய இடங்களைப் பாருங்கள். வெள்ளையாகவோ கூலன்ட்டின் நிறத்திலோ உப்புப் படிவுபோல் காய்ந்திருந்தால் கசிவு அங்கேதான். காருக்குள் தரைவிரிப்பு ஈரமாகி, இனிப்பு வாடை வந்து, கண்ணாடியில் எண்ணெய்ப் பசையோடு மூட்டம் படிந்தால் ஹீட்டர் உள்ளே ஒழுகுகிறது.

இரண்டும் இல்லையா? மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். கூலன்ட் மூடியைக் கழற்றி அந்த இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் அச்சிட்ட அழுத்தம் வரை ஏற்றி, 10–15 நிமிடம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூடியையும் தனியே சோதிக்கச் சொல்லுங்கள். அதன் ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்தாலே கூலன்ட் வெளியேறும், ஆனால் பலரும் கடைசியாகத்தான் மூடியைச் சந்தேகிக்கிறார்கள். என்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெண்புகை வருவது, ஓடும்போது டப்பாவில் குமிழி எழுவது, இரவெல்லாம் நின்ற பிறகும் மேல் ஹோஸ் விறைப்பாக இருப்பது ஆகியவை ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டதற்கான அடையாளங்கள்.

வெறும் தண்ணீர் ஊற்ற ஊற்றக் கலவை நீர்த்துப்போகும். கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவை சாதாரண அழுத்தத்தில் 107 டிகிரி செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும், மூடியின் அழுத்தம் அதை இன்னும் உயர்த்தும். உறைவதோ மைனஸ் 37 டிகிரியை ஒட்டித்தான். அலுமினியத்தை அரிப்பிலிருந்து காக்கும் சேர்மானமும் அதில்தான் இருக்கிறது. அவசரத்துக்குத் தண்ணீர் தவறில்லை, பிறகு கலவையைச் சரிசெய்துவிட வேண்டும். வாங்கும்போது அடர்வானதா, கலந்து தயாரானதா என்று லேபிளைப் படியுங்கள். அடர்வானதை டிஸ்டில்டு வாட்டரில் கலக்க வேண்டும். நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் விற்கின்றன.

சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. அழுத்தம் விலகிய கணமே உள்ளிருப்பது கொதித்துப் பீய்ச்சி அடிக்கும். சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். அதன் இனிப்புக்கு நாயும் பூனையும் நக்கும், அது கொடிய விஷம்.

கே: பிரேக் ஆயில் ஒரு வருடத்தில் மேல் கோட்டிலிருந்து பாதிக்கு வந்துவிட்டது. நிரப்பலாமா? குறைவாக ஓட்டினாலும் 2 வருடத்தில் மாற்றத்தான் வேண்டுமா?

ப: முதலில் பிரேக் பேடுகளைப் பாருங்கள். பேட் தேயத் தேய, அதை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே நகர்கிறது, அந்த இடத்தை நிரப்பத் திரவம் டப்பாவிலிருந்து இறங்குகிறது. மெல்ல இறங்கினால் அது பேட் தேய்வின் கணக்கு. இப்போது நிரப்பிவிட்டால் புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ள, டப்பா வழிந்து பெயின்ட்டை அரிக்கும். கீழ்க் கோட்டை நெருங்கினால் மட்டும் கொஞ்சம் சேருங்கள். சில நாட்களிலேயே இறங்கினால் அது கசிவு. பெடலை மிதித்துப் பிடிக்கும்போது மெல்ல உள்ளே அமிழ்ந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

மாற்றுவதற்கான கணக்கு கிலோமீட்டர் அல்ல, காலம். இந்தத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் (DOT) என்பது பிரேக் திரவத்தின் தரக் குறியீடு. டாட் 4 தரத்தின்படி புதிதில் குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டிய கொதிநிலை, 3.7 சதவீத நீர் ஏறிய பிறகு 155 டிகிரி இருந்தாலே போதும். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி உள்ளே ஆவிக் குமிழி பிறந்தால், காலின் அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோய், பெடல் தரையைத் தொட்டாலும் பிரேக் பிடிக்காது. திறந்து பல மாதம் வைத்த டப்பாவையும் இதே காரணத்தால் பயன்படுத்தாதீர்கள்.

'பிரேக் ஆயில்' என்ற பேரே எங்களுக்குக் கவலை தருகிறது. அது எண்ணெயே அல்ல. ஆயில்தானே என்று என்ஜின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதி, சிஸ்டம் முழுவதும் கெடும். மூடியில் எழுதிய தரத்தையே வாங்குங்கள். டாட் 5 சிலிக்கோன் வகை, அதை டாட் 3, டாட் 4, டாட் 5.1 எதனோடும் கலக்கக் கூடாது.

கே: ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முனகல் சத்தம். ஆயில் போதவில்லையா?

ப: ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் என்றால் அதுவே முதல் சந்தேகம். அளவு சரியாக இருந்தும் டப்பாவில் நுரை தெரிந்தால், பம்ப்புக்குப் போகும் ஹோஸ் எங்கோ காற்றை இழுக்கிறது. மின்சார ஸ்டீயரிங்குகள் பெரும்பாலானவற்றில் ஆயிலே கிடையாது, அங்கே வேறு காரணம் தேட வேண்டும்.

கே: நிறுத்திய காரின் அடியில் ஈரம். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: இரவில் ஒரு வெள்ளை அட்டையை அடியில் விரித்து வையுங்கள். ஏசி ஓடிய பிறகு முன்பக்கம் சொட்டும் நிறமும் வாடையும் இல்லாத தண்ணீர் இயல்பானது. பழுப்பும் கறுப்பும் என்ஜின் அல்லது கியர் ஆயில். சிவப்பாக வழுக்கினால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் அல்லது ஸ்டீயரிங் ஆயில். சக்கரத்தின் உட்பக்கம் மெல்லிய, இள மஞ்சள் ஈரம் இருந்தால் அது பிரேக் திரவமாக இருக்கலாம்; அப்படியிருந்தால் ஓட்டிச் செல்லாமல் மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரவழையுங்கள்.