அம்மாவின் மூட்டு ஆபரேஷனுக்கு டாப்-அப் லோன் வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. ஒரு முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன். காலையில் செய்து மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் டாக்டர். "24 மணி நேரம் படுக்காவிட்டால் இன்ஷூரன்ஸ் வராது, மூன்று நாள் டீலக்ஸ் ரூமில் வை" என்கிறார் சித்தப்பா. பாலிசி 5 லட்சம். ரூம் வாடகை வரம்பு ஒரு நாளைக்கு 5,000, டீலக்ஸ் ரூம் 8,000. என் சம்பளம் 42,000. தங்கை கிரகப்பிரவேசச் சீருக்கு வாங்கிய பர்சனல் லோனுக்கு மாதம் 9,400 போகிறது. அதன்மேல் 1.5 லட்சம் டாப்-அப் வாங்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஆபரேஷன், முன்பு ஒரு நாளுக்கு மேல் படுக்கவேண்டி இருந்து, இப்போது மருத்துவ வளர்ச்சியால் 24 மணி நேரத்துக்குள் முடிந்தால் அது 'டே கேர்' சிகிச்சை. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் வரையறையே அதுதான். டே கேர் என்றால் 24 மணி நேரம் படுக்காமலே இன்ஷூரன்ஸ் வரும். ஆனால் சில பாலிசிகளில் எந்தெந்தச் சிகிச்சை டே கேர் என்று தனிப் பட்டியல் இருக்கும். மூட்டு மாற்றுக்குக் காத்திருப்புக் காலமும் இருக்கும், அதாவது பாலிசி எடுத்துக் குறிப்பிட்ட காலம் கழிந்த பிறகே பணம் வரும். இரண்டையும் பார்த்து, ஆபரேஷனுக்கு முன்பே கேஷ்லெஸ் ஒப்புதலை (பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டும் என்ற சம்மதம்) எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இப்போது அந்த டீலக்ஸ் ரூம். வரம்பைத் தாண்டினால் பெரும்பாலான பாலிசிகளில் டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்ஸிங் செலவும் அதே விகிதத்தில் வெட்டுப்படும். அவை 1.2 லட்சம் என்று வைத்தால், எட்டில் ஐந்து பங்கு, 75,000தான் வரும். மீதி 45,000, மூன்று நாள் ரூம் வித்தியாசம் 9,000 என்று 54,000 உங்கள் கையிலிருந்து. செயற்கை மூட்டுக்கும் மருந்துக்கும் இந்த வெட்டு கிடையாது. டாப்-அப்புக்கு 16% வட்டி, மூன்று வருடம் என்றால் மாதம் சுமார் 5,300. வட்டி மட்டுமே 40,000. இரண்டு தவணையும் சேர்ந்தால் 14,700, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

சீருக்கு ஒரு லோன், இப்போது ரூமுக்கு ஒரு லோன். சொந்தக்காரர் வாய்திறந்ததும் கடன் வாங்கும் இந்தப் பழக்கம்தான் உங்களை அரிக்கிறது. தினப்படி தரும் 'ஹாஸ்பிடல் கேஷ்' பாலிசியை யாராவது நீட்டினாலும் வேண்டாம். முழு நாள் படுத்தால்தான் அதில் பணம்.

வீட்டில்தான் செலவு இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவைக்கு 600 என்றால் 20 தடவைக்கு 12,000. வாக்கர், வெஸ்டர்ன் டாய்லெட், வாசல் படிக்குக் கைப்பிடி எல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே தயாராகட்டும். முதல் வாரம் ராத்திரி அம்மா பக்கத்தில் ஒருவர் படுக்கவேண்டும். டாக்டர் எழுதிக்கொடுத்த பிசியோவுக்கு பில் வையுங்கள்; டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவாகப் பல பாலிசிகள் 60 நாள் வரை தருகின்றன.

சர்க்கரை, இதயம் பார்த்து டாக்டரே ஓர் இரவு இருக்கச் சொன்னால் தயங்காமல் இருங்கள், 5,000 ரூபாய் ரூமில். சித்தப்பாவை அந்த முதல் வார ராத்திரிகளில் இரண்டுக்குத் துணையாகக் கூப்பிடுங்கள்.