ஒரே நாள்ல ரெண்டும் ஆகாதுங்ணா

பெருந்துறைலிருந்து சைக்கிளோட வந்து பிச்சாவரமும் கோடியக்கரையும் ஒரே ஞாயித்துக்கெழமைல முடிச்சறலாமான்னு கேட்டீங்க, ஆகாதுங்ணா, ரெண்டுக்கும் நடுவுல நூறு கிலோமீட்டருக்கு மேல கெடக்குது. பிச்சாவரம் மட்டும் வெச்சுக்கோங்க. சைக்கிள கார்ல கட்டிட்டுப் போயி மொத நாளே சிதம்பரத்துல ரூம் போட்ருங்க, அங்கிருந்து 15 கிலோமீட்டர் சொச்சந்தான், நம்ம சென்னிமல ஏத்தமெல்லாம் கெடையாது, விடியாலயே கெளம்பிருங்க, பொழுது ஏறுனா கடக்காத்து எதுக்க அடிக்கும், ஆனா திரும்பறப்ப அதே காத்து முதுகுல தள்ளிவுடும். மோட்டார் படகு வேண்டாங்க, துடுப்புப் படகே எடுங்க, சுரபுன்னைங்கற அலையாத்திக் காட்டுக்குள்ள சந்து மாதிரி இருக்கற வாய்க்காலுக்கு அதுதான் நொழையும். நடக்கோணும்னா அங்க ஒண்ணுமில்ல, பூராஞ் சேறு. மான் பாக்க, நடக்க கோடியக்கரைக்கு இன்னொருக்கா தனியாப் போங்க. ஐப்பசி, கார்த்திகை மழைல மட்டும் போயிறாதீங்க.