ஒரே வீடியோல வந்தவரா நோவா கஹான்?

வணக்கம் அக்கா,

நான் போடிநாயக்கனூர் பக்கம். வயசு 23, கோயம்புத்தூர்ல வேலை பாக்குறேன், ரூமுக்கு வந்தா கிட்டார எடுத்துட்டு உக்காந்துடுவேன். தமிழ்ல ஃபோக்-பாப் மாதிரி சொந்தமா பாட்டு எழுதி மெட்டு போடுறேன். நீங்க நோவா கஹான்ங்குற அமெரிக்கப் பாடகர் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தத படிச்சதுலருந்து அவர் பாட்டுதான் ஓடிட்டு இருக்கு. ஒரு டிக்டாக் வீடியோ போட்டாராம், ஒரே நாள்ல பெரிய ஆளாயிட்டாராம். என் ஃப்ரெண்ட்ஸும் அதையேதான் சொல்றாங்க: ஊரு, ஏலக்காய் தோட்டம்லாம் பாட்டுல வேணாம், யாருக்கும் புரியாது, பொதுவா காதல் பாட்டு எழுது, பதினஞ்சு செகண்டுக்கு ஒரு ஹூக், அதாவது கேட்டதும் ஒட்டிக்கிற வரி, வச்சு ரீல்ஸ்ல போடுன்னு. அது சரியாக்கா? வேலைய விட்டுட்டு முழுசா இறங்கலாமா? ஒரு சின்ன லேபிள்லருந்து (பாட்டு வெளியிடுற கம்பெனி) அக்ரிமென்ட் வேற அனுப்பியிருக்காங்க, கையெழுத்து போடலாமா?

இப்படிக்கு,
உங்க வாசகன்

அன்புள்ள தம்பி,

அந்த ‘ஒரே நாள்ல’ங்குற பேச்ச மொதல்ல நம்பாதீங்க. உங்க வயசுல இருக்குற நெறைய பேர அது தப்பான இடத்துல கொண்டுபோய் விடுது, அதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நோவா கஹான் 1997ல பொறந்தவர், அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல ஸ்ட்ராஃபோர்டுங்குற ஊரு, மொத்தமே ஆயிரம் பேரு சொச்சம்தான் இருப்பாங்க. டுலேன் யூனிவர்சிட்டில இடம் கெடச்சும் அத தள்ளி வச்சுட்டு பாட்டுக்கு வந்தார், 2017ல ரிபப்ளிக் ரெக்கார்ட்ஸ்ங்குற மியூசிக் கம்பெனி அவர எடுத்துக்கிட்டாங்க, அப்ப அவருக்கு 20 வயசு. அது சின்ன கம்பெனி இல்ல. 2018ல பாடகி ஜூலியா மைக்கேல்ஸோட சேந்து பாடின பாட்டு ஆஸ்திரேலியா, நெதர்லாந்து பக்கம்லாம் ஓடுச்சு, 2019ல முதல் ஆல்பம் ‘பிஸிஹெட்’, அதுக்கு ப்ரொட்யூசர், பாப் பாடகி லார்டோட முதல் ஆல்பத்த செஞ்ச ஜோயல் லிட்டில். அதாவது கம்பெனி, பெரிய ப்ரொட்யூசர், டூர் எல்லாமே வந்தாச்சு, ஆனா இன்னைக்கு நாம பேசுற நோவா கஹான் இன்னும் வரல. அந்த ஆல்பத்த இப்ப போட்டு கேளுங்க, குரல் அதே குரல்தான், வரிகளும் மோசமில்ல, ஆனா பாடுறவர் எந்த ஊருக்காரர்னு உங்களால சொல்ல முடியாது, அன்னைக்கு ரேடியோல ஓடின பத்து பேர்ல ஒருத்தர் மாதிரிதான் எனக்கு கேக்குது.

அடுத்து வர்றத யாரும் அதிகமா பேசுறதில்ல, எனக்கு ரொம்ப முக்கியமா படுறது அதுதான். 2020ல கொரோனா வந்து எல்லாம் நின்னுபோச்சு, அவர் வெர்மான்ட்டுக்கே திரும்பிட்டார், அங்க ஒரு நண்பரோட உக்காந்து ஒரு வாரம் போல எடுத்துக்கிட்டு ‘கேப் எலிசபெத்’னு ஒரு ஈபி, அதாவது கொஞ்சம் பாட்டு மட்டும் உள்ள குட்டி ஆல்பம், ரெக்கார்ட் பண்ணார், மே மாசம் வெளிய வந்துச்சு. பளபளப்பே இல்லாத ரெக்கார்டிங். பெரிய ஹிட்டும் இல்ல. ஆனா குரல் அங்க தரையில கால் ஊனி நிக்குது. அந்த வருஷக் கடைசிலதான் ‘ஸ்டிக் சீசன்’ பாட்டோட முதல் சரணத்த மட்டும் எழுதி டிக்டாக்ல போட்டார். ஜனங்க முழுப் பாட்டையும் கேட்டாங்க. முழுப் பாட்டு எப்ப வந்துச்சு தெரியுமா? 2022 ஜூலை. நடுவுல 2021ல இன்னொரு ஆல்பமே வந்துருச்சு, அதுவும் பாதிக்கு மேல பழைய பாப் பாணியிலதான் இருக்கு. 2022 அக்டோபர்ல ஆல்பம், 2023 ஜூன்ல கூடுதல் பாட்டோட அதே ஆல்பம் மறுபடி, அக்டோபர்ல பாப் பாடகி ஒலிவியா ரோட்ரிகோ பிபிசில இந்தப் பாட்ட பாடுனாங்க, 2024 ஜனவரில பிரிட்டன்ல நம்பர் ஒன், ஏழு வாரம் அங்கயே நின்னுச்சு. அடுத்த மாசம் அமெரிக்காவோட கிராமி இசை விருதுல ‘சிறந்த புதுக் கலைஞர்’ பிரிவுல போட்டியில இருந்தார், அப்ப அவர் கம்பெனில சேந்து ஏழு வருஷம் ஆயிருந்துச்சு.

அந்த வீடியோ உதவலன்னு சொல்ல வரல, நிச்சயமா உதவுச்சு. ஆனா அதுக்கு முன்னாடி அவர் எத்தனையோ வீடியோ போட்டிருக்கார், எத்தனையோ மேடைல மத்தவங்க கச்சேரிக்கு முன்னாடி பாடியிருக்கார், அதெல்லாம் இப்படி புடிச்சுக்கல. இது ஏன் புடிச்சுதுங்குறதுதான் உங்களுக்கான கேள்வி.

வெர்மான்ட்ல இலையெல்லாம் கொட்டி முடிஞ்சு பனி இன்னும் விழாத ஒரு இடைக்காலம் இருக்கு. செவப்பும் மஞ்சளுமா இலைய பாக்க வந்த டூரிஸ்டுகள்லாம் போயிடுவாங்க, மரம்லாம் வெறும் குச்சியா நிக்கும், உள்ளூர்க்காரங்க மட்டும்தான் மிச்சம். அந்தக் காலத்துக்குப் பேர்தான் ‘ஸ்டிக் சீசன்’. பாட்டுல பாடுறவன ஒருத்தி விட்டுட்டு போயிட்டா, இவன் போக வழியில்லாம ஊர்லயே கெடக்கான், அவ அம்மாவ எங்கயோ பாக்குறான், அவங்களுக்கு இப்படி ஒருத்தன் இருந்ததே ஞாபகம் இல்ல. டாக்டர் எங்கயாவது போயிட்டு வாப்பான்றார், ஃப்ளைட்ல கொரோனா. இதுதான் பாட்டு. உங்க ஃப்ரெண்ட்ஸ் சொல்ற கணக்குப்படி இது வெர்மான்ட்ட தாண்டியிருக்கவே கூடாது, அந்த மாநிலத்துல மொத்தமே ஆறரை லட்சம் பேர் கூட இல்ல. ஆனா 2024ல பிரிட்டன்ல அதிகமா ஓடின பாட்டு இதுதான்.

எனக்கு தோணுற காரணத்த சொல்றேன். ‘நான் சோகமா இருக்கேன்’னு ஒருத்தர் பாடினா நாம அத அப்படியே நம்பியாகணும், வேற வழி குடுக்கல. ஆனா பழகின பொண்ணோட அம்மாவுக்கு தன்ன ஞாபகமே இல்லன்னு பாடினா, அந்த சங்கடத்த நாம நம்ம ஊர்லயே ஒரு மளிகைக் கடை வாசல்ல வச்சு பாத்துடுறோம். கேக்குறவங்களுக்கு வெர்மான்ட் புரியணும்னு அவசியமே இல்ல, பாடுறவர் அங்கதான் நிக்கிறார்னு நம்பிக்க வந்தா போதும். அதே ஆல்பத்துல ஊருக்கு கார் ஓட்டிட்டு போற பாட்டு ஒண்ணு இருக்கு, அதுல ஆல்ஜர் புரூக் ரோடுனு ரோட்டு பேரையே சொல்வார், பின்னாடி வந்த நீளமான வடிவத்துல ஸ்ட்ராஃபோர்டு ஜனங்களே பேசுற குரல சேத்திருக்கார். 2024 ஜூலைல பாஸ்டன் ஃபென்வே பார்க் ஸ்டேடியத்துல ரெண்டு நாள் பாடுனார், அங்க கூட பாடின கூட்டத்துல எத்தன பேர் அந்த ரோட்டுல போயிருப்பாங்க சொல்லுங்க.

அதுக்காக ஊர் பேர மட்டும் ஒட்டிட்டா ஆயிடாது தம்பி. நம்ம பக்கம் மண்வாசன பாட்டுனாலே பெரும்பாலும் பெருமைதான், திருவிழா, மீசை, எங்க ஊரப் போல வருமா. நோவா கஹான் ஊர புகழ்ந்து பாடல. புடிச்சிருக்கு, மூச்சும் முட்டுது, விட்டுட்டுப் போகணும், போனா ஏங்குது, இது எல்லாத்தையும் ஒரே பாட்டுல வச்சிருக்கார். உங்க ஏலக்காய் தோட்டத்த பத்தி உங்களுக்கு என்ன கோவம் இருக்குன்னு யோசிங்க, யார் வீட்டுக் கடனுக்கு அது போச்சு, யாரு மலைக்கு வேலைக்குப் போய் முட்டி போய் வந்தாங்க, நீங்க ஏன் கோயம்புத்தூர் வந்தீங்க. அத எழுதுங்க. ஹூக் வேணும்னா அதுலருந்தே வரும், அந்த ‘ஸ்டிக் சீசன்’ மெட்டும் ஒரு தடவ கேட்டா போகாத மெட்டுதான். ரீல்ஸ்லயும் தாராளமா போடுங்க, எழுதினத போடுங்க, போடுறதுக்காக எழுதாதீங்க.

இன்னொண்ணு. அவர் தன்னோட பதட்டம், டிப்ரெஷன், தெரபி எல்லாத்தையும் வெளிப்படையா பேசுறவர், 2023ல மனநல உதவிக்கு நிதி திரட்டுற ‘பிஸிஹெட் ப்ராஜெக்ட்’ ஆரம்பிச்சார். பேர் வந்துட்டா மனசு சரியாயிடும்னு அவர் எங்கயும் சொல்லல. பாட்டு ஓடலன்னு ராத்திரி தூக்கம் போற அளவுக்கு வந்துச்சுன்னா பாட்ட வச்சுட்டு மொதல்ல ஒரு டாக்டர பாருங்க.

வேலைய இப்ப விடாதீங்க. ஆறேழு பாட்டு, அதுல ஒண்ணாவது ‘இது நான் மட்டும்தான் எழுத முடியும்’னு உங்களுக்கே தோணுற மாதிரி வரட்டும், பத்து இடத்துல ஆளுங்க முன்னாடி பாடிப் பாருங்க, அதுக்கப்புறம் வேலையாலதான் பாட்டு கெடுதுன்னா அப்ப பேசுவோம்.

அக்ரிமென்ட் விஷயத்துல மட்டும் அவசரமே வேணாம். மாஸ்டர் ரெக்கார்டிங், அதாவது பாட்டோட மூல ஒலிப்பதிவு, யாருக்கு சொந்தம், எத்தன வருஷத்துக்கு, இன்னும் எத்தன பாட்டு அவங்களுக்கே குடுக்கணும், அட்வான்ஸ் குடுத்தா அத உங்க பங்குலருந்து எப்படி கழிப்பாங்க, இந்த நாலையும் தேடிப் படிங்க. ‘என்றென்றைக்கும்’னு எங்கயாவது இருந்தா அங்கயே நிறுத்துங்க. பாட்டு எழுதினவர், மெட்டு போட்டவரோட ராயல்டி உரிமைய கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட முடியாதுன்னு 2012ல காப்பிரைட் சட்டத்துல திருத்தம் வந்திருக்கு, நீங்க ரெண்டுமே செய்றவர், அதனால பாட்டு எழுதுறவங்க, மெட்டு போடுறவங்களுக்கு ராயல்டி வசூல் பண்ணித் தர்ற ஐபிஆர்எஸ்ல உறுப்பினரா சேர்ற வழிய பாருங்க. சினிமா, இசை காண்ட்ராக்ட் பாத்து பழகின வக்கீல் ஒருத்தர்கிட்ட அத காட்டுங்க, அதுவரைக்கும் அவங்க எத்தன தடவ போன் பண்ணாலும் ‘படிச்சுட்டு சொல்றேன்’னு மட்டும் சொல்லுங்க.

அன்புடன்,
அக்கா