பால்காரர் மணி அடிச்ச காலை

கேள்வி: அக்கா, நான் வளர்ந்த சபையோட பேர் வேணாம். டிவி கூடாது, வெளி ஆளுங்களோட பழகக் கூடாது, எதிர்த்து ஒரு கேள்வி கேட்டா சாத்தான் பேசுறான்னுவாங்க. 1999 டிசம்பர் 31 ராத்திரி உலகம் முடியப்போகுதுன்னு எல்லாரும் ஜெப ஹால்ல உக்காந்திருந்தோம், எனக்கு 8 வயசு, அம்மா என் கைய விடவே இல்ல. விடிஞ்சதும் வெளிய பால்காரர் சைக்கிள் மணி கேட்டுச்சு. சந்தேகம் அன்னிக்கே வந்துடுச்சு, ஆனா வெளிய வந்தது போன வருஷம்தான். அம்மா இப்ப பேசுறதில்ல. நம்பிக்கை போயிடுச்சு, ஆனா இடி இடிச்சா இன்னமும் மண்டி போட்டுடறேன். தப்பு பண்ணிட்டேனா?
- பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: இல்லம்மா. நீங்க ஒரு தப்பும் பண்ணல.

1954ல அமெரிக்காவுல சிகாகோ பக்கத்துல ஒரு சின்னக் கூட்டம், டிசம்பர் 21 விடியறதுக்குள்ள பெருவெள்ளம் வரும், நம்மள மட்டும் பறக்கும் தட்டு வந்து ஏத்திக்கும்னு நம்பிக் காத்திருந்தாங்க, உலோகம் கூடாதுன்னு பேன்ட்ல இருந்த ஜிப்பைக் கூட வெட்டி எடுத்துட்டாங்க. வேலைய விட்டவங்க கூட உண்டு. ஒண்ணும் வரல. உடனே, நம்ம விசுவாசத்தாலதான் உலகமே தப்பிச்சுச்சுன்னு செய்தி வந்ததா சொல்லி பத்திரிகைக்கு ஃபோன் போட ஆரம்பிச்சாங்க. ஃபெஸ்டிங்கர்ங்கற மனோதத்துவ ஆராய்ச்சியாளரும் அவர் ஆளுங்களும் உள்ளயே இருந்து இத கவனிச்சாங்க. ஒண்ணா உக்காந்திருந்தவங்களுக்கு நம்பிக்கை இன்னும் இறுகிப்போச்சு, தனியா அவங்கவங்க வீட்ல காத்திருந்தவங்கள்ல நிறைய பேருக்கு விட்டுப்போச்சுன்னு அவங்க எழுதினாங்க.

உங்க அம்மாவும் அந்த மணிய கேட்டிருப்பாங்கம்மா. ஆனா சுத்தி இருந்தவங்க எல்லாருமே அவங்க சொந்தம், சந்தேகப்பட்டா அத்தனை பேரையும் இழக்கணும், அதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்னு இப்ப உங்களுக்கே தெரியும்.

இடிக்கு மண்டி போடுறீங்களே, அது சின்ன வயசுல உடம்புல ஏத்தி வெச்ச பயம். பயம் வருதுங்கறதுக்காக அவங்க சொன்னது நிஜம்னு ஆயிடாது. அடுத்த தடவ வரும்போது எந்திரிச்சு லைட்ட போடுங்க, தண்ணி குடிங்க. தூக்கமே போகுதுன்னா 14416, டெலி மனஸ், அரசோட இலவச மனநல உதவி லைன், தமிழ்லயே பேசலாம்.

அம்மாகிட்ட அந்த 2000 கதைய மட்டும் எடுக்காதீங்க, வாதாடி யாரையும் வெளிய கொண்டு வர முடியாது. மீன் குழம்புக்கு புளி எவ்ளோன்னு ஒரு மெசேஜ் போடுங்க. பதில் வரலன்னா அடுத்த மாசமும் போடுங்க.